குயவனும் கறையான் புற்றும்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி 20

அன்புள்ள சபாநாயகம்,

நலம், நீயும் தங்கை சிவகாமியும் நலமென்று நம்புகிறேன். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர்ச் செய்தி இவ்வளவே.

22 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறவனுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நீ நினைப்பாய். தொலைபேசியில் நீ என்னை எந்த வாக்கியத்தையும் முடிக்க விட்டதில்லை. நேரில் வந்தாலோ, தங்கை காப்பி கொண்டுவருவதற்குள் நாம் நம் பழைய அரை இட்லி விவகாரத்துக்குப் போய்விடுவோம். இந்த முறை நான் சொல்லவேண்டியதை நடுவில் வெட்டு விழாமல் சொல்லியாகவேண்டும். மாசி மகத்திலிருந்து எட்டு மாதமாக நான் உன்னோடு பேசாமலிருந்த காரணமும் அதற்குள்தான் இருக்கிறது.

செய்தி பேத்தி கயல்விழியிடமிருந்து தொடங்குகிறது. அவள் அங்கே புதுச்சேரியில் பட்டப்படிப்பில் சேர்ந்திருப்பதும், ஊருக்கு வராத ஞாயிறுகளில் உன் வீட்டில் சாப்பிடுவதும், நீ வத்தக்குழம்போடு உங்கள் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரையும் சேர்த்துப் பரிமாறுவதும் எனக்குத் தெரியும். முதற்பருவத்தில் அவளுக்கு மெய்யியல் அறிமுகம் என்று ஒரு தாள். அதில் ஒரு பயிற்சி: காதில் விழுந்த வாதம் ஒன்றை எடுத்துக்கொண்டு, எவை எடுகோள்கள், எது முடிபு என்று பிரித்துக்காட்டி, அந்த எடுகோள்களிலிருந்து அந்த முடிபு உண்மையிலேயே பிறக்கிறதா என்று சோதிக்கவேண்டும். உலகத்தில் இத்தனை பேர் வாதம் செய்துகொண்டிருக்க, அவள் எடுத்துக்கொண்டது 1978-ல் பள்ளி வாதப்போட்டியில் உன்னை நான் வீழ்த்திய வாதத்தை. அந்தக் கதையை அவளுக்குத் தொட்டில் பருவத்திலிருந்து சொல்லி வளர்த்தவன் நானே என்பதால் வேறு யாரையும் குறைசொல்லவும் வழியில்லை.

அந்த மாலை உனக்கும் மறந்திருக்காது. நீ எழுந்து, பானையைக் கண்டால் குயவன் ஒருவன் உண்டென்று அறிவதுபோல, உலகைக் கண்டு அதைச் செய்தவனை அறிகிறோம் என்று, அந்த வயதிலேயே வந்துவிட்ட ஓதுவார் குரலில் சொல்லி அமர்ந்தாய். நான் எழுந்து, இடிக்கும் மின்னலுக்கும் அஞ்சிய ஆதிமனிதன் தன் அச்சத்துக்கு இட்ட பெயரே கடவுள், ஆகவே கடவுள் இல்லை என்றேன். கைதட்டல் அடங்குவதற்குள் உன் பக்கம் திரும்பி, "சரி, அந்தக் குயவனைப் படைத்த குயவன் யார்?" என்றும் கேட்டேன். நாம் சோடாபுட்டி என்று அழைத்த நடுவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கோப்பை எனக்கு வந்தது. அந்தக் கோப்பையில் இப்போது கயல் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

அச்சத்திலிருந்து கடவுள் பிறந்தார் என்ற வாதத்தை அவள் முடித்துவைக்க இரண்டு நிமிடமும் ஆகவில்லை. "தாத்தா, நம் கொல்லையில் இருக்கும் புற்றைப் பார்த்துப் பயந்து, அதில் பாம்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். என் நம்பிக்கை பயத்தில் பிறந்ததுதான். ஆகவே பாம்பு இல்லை என்று முடிவுகட்டிப் புற்றுக்குள் கையை விடுவீர்களா?" நான் கையை விடவில்லை. ஒரு நம்பிக்கை எங்கே எப்படிப் பிறந்தது என்ற வரலாறு வேறு, அது மெய்யா பொய்யா என்ற கேள்வி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தீர்க்கமுடியாது என்பதை, நான் நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக மேடைகளில் மென்று துப்பிய ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக்காட்டினாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "உங்கள் முடிபு தவறென்று நான் சொல்லவில்லையே, உங்கள் வாதம் அதைச் சுமக்கவில்லை என்றுதானே சொல்கிறேன், தப்பாகப் போட்ட கணக்கிலும் சரியான விடை வந்துவிடுவதுண்டு" என்று ஆறுதலும் சொன்னாள். பதினெட்டு வயதுப் பெண்ணிடமிருந்து ஆறுதல் பெறுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை நீ உன் பேரன் வளர்ந்த பிறகு அறிவாய்.

அதன்பின் அவளுடைய பாடப்புத்தகத்தை நானே வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். முதல் இயலே என்னை உட்காரவைத்துவிட்டது. எல்லா மீன்களும் பறக்கும், வஞ்சிரம் ஒரு மீன், ஆகவே வஞ்சிரம் பறக்கும் என்றால் வாதத்தின் கட்டு சரி, எடுகோள்தான் பொய். மழை பெய்தால் நம் தெருவில் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நிற்கிறது, ஆகவே மழை பெய்தது என்றால் எடுகோள்கள் மெய்யாகவே இருக்கலாம், கட்டுதான் ஓட்டை; குழாய் உடைந்தாலும் தெருவில் தண்ணீர் நிற்கும், சென்ற சித்திரையில் நின்றது. இந்த வேறுபாடு தெரியாமலே ஒருவன் கோப்பை வாங்கமுடியும். இதையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணியிருந்த எனக்கு, மணிமேகலையின் 29-ஆம் காதையில் பக்கம் (நிறுவவேண்டிய கூற்று), ஏது (அதற்கான காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்து, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழைகளுக்கும் பெயர் வைத்து அறவண அடிகள் பாடம் நடத்துவதைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. பள்ளியில் புலவர் அந்தக் காதையைத் தேர்வுக்கு வராது என்று தாண்டிப்போனார். தாண்டாமல் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். ஏதுப்போலி! எவ்வளவு நல்ல சொல், சபாநாயகம். ஏதுவைப்போல வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஒன்று. என் மேடைப் பேச்சுகளுக்கு ஒரு தொகுப்பு வந்தால் அதற்கு வைக்கத் தக்க தலைப்பு.

இனி உன் குயவனுக்கு வருகிறேன். உன்னைத் திணறவைத்ததாக நான் பெருமைப்பட்ட கேள்வி, கவனமாகச் சொல்லப்பட்ட வாதத்தின்மேல் பாய்வதேயில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு என்று நீ சொல்லியிருந்தால் என் கேள்வி உன்னைப் பிடித்திருக்கும். ஆனால் நம் பெண்ணாகடத்து மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் அப்படிச் சொல்லவில்லை. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுவதும் நிற்பதும் ஒடுங்குவதுமாகிய மூன்று தொழில்களை உடையது, ஆதலால் அதைத் தோற்றுவிப்பவன் ஒருவன் வேண்டும் என்றுதான் சொல்கிறார். காரணம் கேட்கப்படுவது தோன்றி ஒடுங்கும் பொருளுக்கே. தோற்றமும் ஒடுக்கமும் இல்லாத ஒன்றுக்குக் காரணம் கேட்பது, வட்டத்துக்கு எத்தனை மூலை என்று கேட்பதைப் போன்றது. ஏறத்தாழ அதே 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறித்தவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் கடவுளுக்கான ஐந்து வழிகளை எழுதிக்கொண்டிருந்தார் என்பதும், திருவெண்ணெய்நல்லூரில் இருந்தவருக்கும் ரோமில் இருந்தவருக்கும் ஒருவரையொருவர் அறிய ஒரு வழியும் இல்லை என்பதும் என்னை இரண்டு நாள் பிடித்து ஆட்டியது. அக்குவினாஸின் கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைக்கிறவர். உங்கள் கடவுளோ மண்ணைப்போல முதற்காரணமாகிய மாயை ஏற்கெனவே இருக்க, குயவனைப்போல நிமித்த காரணமாய் நின்று செய்கிறவர். குயவன் என்ற உவமை உங்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்துகிறது.

இவ்வளவு விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று மீசையை முறுக்காதே. வில்லியனூர்க் குயவர் தெருவில் பானையைக் கண்டு குயவனை எண்ணுகிறேன் என்றால், பானையையும் குயவனையும் சேர்த்துப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்பதால்தான். உலகங்கள் செய்யப்படுவதை எத்தனை முறை பார்த்தோம்? ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் இதைக் கேட்ட நூல் அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1779-ல்தான் வெளிவந்தது. ஒரு வீட்டைப் பலர் கூடிக் கட்டுவதுண்டே, உலகைக் கட்டியவர் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும் என்றும் அவர் கேட்டார். அவருக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக முன்பே நம் நாட்டுப் பௌத்தர் தருமகீர்த்தி இன்னும் கூர்மையாகக் கேட்டுவிட்டார் என்பதுதான் எனக்குப் புதிய செய்தி. மண்ணின் ஆக்கம் என்பதையே ஏதுவாகக் கொண்டு குயவனைப் பெறலாம் என்றால், கறையான் புற்றும் மண்ணின் ஆக்கந்தான், அதையும் குயவன் செய்தான் என்று சொல்லவேண்டிவரும் என்கிறார் அவர். கயல் என்னை மடக்கிய அதே புற்று! ஒரே புற்றிலிருந்து என் வாதத்துக்கு ஒரு பாம்பும் உன் வாதத்துக்கு ஒரு பாம்பும் கிளம்பியிருக்கின்றன. உன் தரப்பில் உதயணர் போன்ற நியாய மரபின் பெரிய தர்க்கவாதிகள் இதற்கெல்லாம் விடை தேடி உழைத்திருக்கிறார்கள் என்பதையும் படித்தேன். இருந்தாலும் பகுதிகள் தோன்றி ஒடுங்குவதைக் கண்டு முழுமையும் அப்படியே என்று துணிவதில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. 1948-ல் பிரிட்டிஷ் வானொலியில் கோப்பில்ஸ்டன் பாதிரியாரோடு வாதிட்ட மெய்யியலார் பெர்ட்ரண்ட் ரசல், ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு, அதனால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டென்று ஆகுமா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை 1978-ல் நான் கேட்டிருந்தால் கோப்பைக்கு உரியவனாகியிருப்பேன்.

ஆன்செல்ம் என்ற துறவியின் வாதத்தையும் படித்தேன். இதைவிடப் பெரியதை எண்ணமுடியாது என்னும்படியான ஒன்று கடவுள். அது எண்ணத்தில் மட்டும் இருந்தால், மெய்யாகவும் இருப்பது அதைவிடப் பெரியதாகிவிடும். ஆகவே அது மெய்யாகவே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே, உலகை எட்டிப் பார்க்காமலே, நாற்காலியில் அமர்ந்தபடி முடித்துவிட்டார்! இதற்கு இம்மானுவல் கான்ட் சொன்ன மறுமொழியை, மனத்தில் உள்ள நூறு வெள்ளிக்காசு, பையில் உள்ள நூறு வெள்ளிக்காசைவிட உள்ளடக்கத்தில் ஒரு காசும் குறைந்ததன்று, ஆனாலும் என் செல்வநிலை வேறுபடும் என்பதை, என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ளத் தக்கவன் இந்த மாவட்டத்தில் இல்லை. ஓர் அலுவலகம் எனக்குத் தரவேண்டிய ஓய்வூதிய நிலுவை ஆறு ஆண்டுகளாக என் மனத்தில் எல்லா இலக்கணங்களோடும், கடைசிப் பைசாவரை, குறைவின்றி இருக்கிறது.

உன் வீட்டிலிருந்து கயல் கொண்டுவந்த சித்தியார் பரபக்கத்தையும் ஒரு மாதமாகப் படித்தேன். நம் திருத்துறையூர் அருணந்தியார் பதினான்கு மதங்களை வரிசையாக நிறுத்தி மறுக்கிறார். என் ஆளான உலகாயதன் முதலில் வந்து முதலில் அடிவாங்குகிறான். கண்ணால் காண்பதே மெய், காட்சியைத் தவிர வேறு அளவை, அதாவது அறியும் வழி, இல்லை என்ற அவன் கொள்கையை நானும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறேன். மணிமேகலையிலும் இவன் பூதவாதி என்ற பெயரில் வருகிறான். உன் தந்தையையும் தாயையும் அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை கேட்ட ஒரு கேள்வியோடு அவன் கதை முடிகிறது. என் அப்பா எனக்கு அறிவழகன் என்று பெயர் வைத்ததையே நான் பிறர் சொல்லித்தானே அறிந்தேன்! காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் எல்லா அளவைகளையும் அடக்கலாம் என்ற உங்கள் கணக்கில், மூன்றாவதான உரையை நான் ஏளனம் செய்தே வாழ்ந்துவிட்டு, மருத்துவர் எழுதும் மாத்திரையை அவர் உரையை நம்பியே விழுங்கிவருகிறேன். ஆகமத்தையும் மருத்துவச் சீட்டையும் ஒன்றாக வைக்காதே என்று சண்டைக்கு வரவேண்டியவன் நீ அல்லன், நான்; வைக்கமாட்டேன். சீட்டு பொய்த்தால் சர்க்கரை ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது மாசி மகத்துக்கு வருகிறேன். அன்று காலை பாடலீசுவரர் சன்னிதித் தெருவில் உன் நீல ஸ்கூட்டர், பின்பக்கத்தில் நடராசர் படத்தோடு நின்றது. சபாநாயகம் ஊருக்கு வந்திருக்கிறான் என்று எண்ணினேன். வீட்டுக்குப் போய் மதியத்துக்கு ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போடச்சொன்னேன். நீ வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஸ்கூட்டரை ஒரு மாதத்துக்கு முன்பே நீ உன் மைத்துனர் மகனுக்குக் கொடுத்துவிட்டாய், அன்று அதில் வந்தவன் அவன். அதற்கும் ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது, அன்று நீயும் பேருந்தில் வந்து, தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக் கரையில் நின்றுவிட்டு, என் வீட்டுப் பக்கமே திரும்பாமல் போயிருக்கிறாய்.

இதைக் கயலிடம் புகாராகச் சொன்னபோது அவள் துள்ளிக் குதித்தாள். நீங்கள் நம்பியது மெய்; நம்புவதற்கு நல்ல காரணமும் இருந்தது; ஆனால் அந்தக் காரணத்துக்கும் அந்த மெய்க்கும் தொடர்பே இல்லை, தற்செயலாகப் பொருந்திவிட்டது; அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லலாமா? அறிவு என்பது தக்க காரணத்தோடு கூடிய மெய்யான நம்பிக்கை என்று பிளேட்டோ காலத்திலிருந்து நடமாடிவந்த ஓர் இலக்கணத்தை, 1963-ல் எட்மண்ட் கெட்டியர் என்பவர் மூன்று பக்கக் கட்டுரையில் இப்படிப்பட்ட உதாரணங்களைக் காட்டியே கவிழ்த்துவிட்டாராம். 8-ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தரான தருமோத்தரர், பூச்சிகளின் கூட்டத்தைத் தூரத்திலிருந்து புகையென்று எண்ணி, அங்கே நெருப்பு உண்டென்று துணிகிறவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே நெருப்பு இருக்கவே இருக்கிறது, ஆனால் அவன் அதை அறிந்தவன் அல்லன். நான் உன் ஸ்கூட்டரைக் கண்ட அந்தப் பூச்சிக்கூட்டக்காரன்.

அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவன், அவளுடைய அடுத்த கேள்வியில் நின்றுவிட்டேன். "அவர் ஏன் கடற்கரைக்கு மட்டும் வந்துவிட்டுப் போனார்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். நீ உன் தம்பி மகன் சீனுவுக்காக வந்தாய். 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பதினோரு வயதுப் பிள்ளை கிரிக்கெட் மட்டையோடு அந்தக் கரைக்குப் போனான். மறுநாள் மருத்துவமனை வாசலில் நீ உன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் உன் அருகில் வந்து, "இப்போது சொல், உன் குயவன் இந்தப் பானையை ஏன் உடைத்தான்?" என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு புதுச்சேரிக்குக் குடிபோனாய். அதன்பிறகு அரை இட்லியையும் அரசியலையும் பேசியிருக்கிறோம், கடவுளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

இதைக் கயலிடம் முதன்முறையாகச் சொன்னேன். "அவர் பதில் சொன்னாரா?" என்றாள். சொல்லவில்லை என்றேன். "நீங்கள் என்ன எண்ணிக்கொண்டீர்கள்?" பதில் இல்லை என்பதே பதில் என்று எண்ணிக்கொண்டேன் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அபாவம் என்ற அளவையை எனக்கு விளக்கினாள். இந்த இடத்தில் குடம் இல்லை என்பதைக் குடத்தைக் காணாமையால் அறிகிறோம். ஆனால் இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற நிலையில்தான் காணாமை சான்றாகும், இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லமுடியாது. பிணவறை வாசலில் நின்ற ஒருவனிடமிருந்து பதில் வராததை நான் இருபது ஆண்டுக்கு மேலாகச் சான்றென்று வைத்துக்கொண்டிருந்தேன். என் ஏதுப்போலிகளிலெல்லாம் பெரியது அது.

இதற்குமேல் நான் என்ன சொல்லவந்தேன் என்பதை நீ தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. துன்பத்தைக் காட்டிக் கடவுளை மறுக்கும் வாதத்தை நான் கைவிட்டுவிடவில்லை. 1755 நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் கடலாலும் அழிந்தபோது வால்டேர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் பழையதாகத் தோன்றவில்லை. எல்லாம் வல்லவர், முழு நல்லவர், ஆயினும் தீமை உண்டு என்ற மூன்றும் சேர்ந்து நிற்கமுடியாது என்று மெக்கி என்பவர் 1955-ல் எழுதியதும், மனிதருக்கு உரிமையோடு செயல்படும் விருப்பம் தந்ததால் தீமைக்கு இடம் வந்திருக்கலாம், ஆகவே முரண்பாடு இல்லை என்று பிளாண்டிங்கா 1974-ல் விடை சொன்னதும் படித்தேன். முரண்பாடு இல்லை என்பதை ஒத்துக்கொள்ளலாம். கடலுக்கு எந்த விருப்பத்தைத் தந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கன்மம், முன்வினைப் பயன், என்று உங்கள் நூல் சொல்கிறது. கணக்கு நேராகிவிடுகிறது, ஆனால் பதினோரு வயதுக்கு அவ்வளவு பற்று எழுதிய ஏட்டை யார் பார்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. இதை உன்னிடம் கேட்கத் தகுந்தவன் நான். கேட்கத் தகுந்த இடம் அந்த வாசல் அன்று. வாதத்தை வைத்துக்கொள்கிறேன், அன்று அதைச் சொன்னதற்காக உன்னிடமும், உன் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தம்பியிடம் நேரில் கேட்க வேண்டுமா, அது ஆறிய புண்ணைக் கீறுவதாகிவிடுமா என்பதை நீதான் சொல்லவேண்டும்.

பதில் எழுதுவதானால் எழுது. எழுதாவிட்டால் அதை எந்த முடிபுக்கும் ஏதுவாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

வரும் ஞாயிறு கயல் உன் வீட்டில்தான் சாப்பிடுவாளாம். பரபக்கத்தைப் படித்து முடித்துவிட்டேன். உன் பக்கத்து நியாயமெல்லாம் இருக்கும் சுபக்கத்தை அவளிடம் கொடுத்தனுப்பு. மழை நாள், பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டிக்கொடு. சென்ற முறை நீ கொடுத்தனுப்பியது பாதி நனைந்து, சமணனான நிகண்டவாதியின் ஏழெட்டுப் பக்கங்களை நான் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

உன்,
அறிவழகன்